மடிப்புக் கலையாத சேலை

அஜந்தாவின் உடுப்பு இன்றைக்கும் ஈரமாக இருந்தது. மூன்றாவது நாள்.

முதல் நாள் அவள் புருசன் சுபாகரன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வத்தளையிலிருந்து வந்து இறங்கி, மாமாங்கத்தில் கும்பிட்டு, கல்லடிப் பாலத்தில் நின்று படம் பிடித்து, வாவிக்கரை விடுதியில் தங்கின நாள் அது. பாவாடைக் கரை கணுக்கால் அளவுக்கு நனைந்திருந்தது. குளியலறைத் தண்ணியாக்கும் என்று விட்டுவிட்டான். இரண்டாம் நாள் கெண்டைக்கால் வரைக்கும் ஈரம். இன்றைக்கு விடியக் கொடியில் கிடந்த சல்வார், நேற்றே காய்ந்து விறைத்திருந்த சல்வார், ஆவணி வெயிலிலும் அனல்போலக் கச்சான் காற்று அடிக்கிற இந்த ஊரில் முழங்கால் வரைக்கும் நனைந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. பிழிந்து மணந்து பார்த்தான். உப்பு. கூடவே சதுப்பில் நிற்கிற கண்ணா மரத்து வேரடிச் சேற்று மணம், கடலோரக் களப்புக்குள் காலை விட்டு எடுத்தால் நகத்துக்குள் நாள்கணக்கில் நிற்குமே, அந்த மணம்.

அவனுக்கு அது எந்தக் களப்புச் சேறு என்றும் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவன்போல இரண்டு நாள் இருந்திருக்கிறான், மனுசன்.

வாகரைப் பக்கத்தில் களப்போரம் கிடந்த பனிச்சங்கேணியில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது. அவனுடைய வீடு இல்லை, முதல் பெண்சாதி சிவானுஜாவின் வீடு. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிபோனவன் அவன். சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வாழைச்சேனைச் சந்தையில் நின்றான். திரும்பி வந்தபோது வீட்டின் அத்திவாரம் மட்டும் இருந்தது. ஊர் முழுக்கக் களப்புக்குள் கிடந்தது. எத்தனையோ பேரைத் தூக்கினார்கள். சிவானுஜா கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் படைக்கச் சொன்னார்கள், அவன் மாட்டேன் என்றான். எந்த முகாமிலாவது, எந்த ஆசுபத்திரியிலாவது இருப்பாள், உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படிப் படைக்கிறது என்றான். பிறகு சண்டை வந்தது, வாகரையே இடம்பெயர்ந்தது, அவன் கொழும்புக்குப் போனான். கடல் வந்து ஐந்து வருசம் கழித்து அஜந்தாவைக் கட்டினான். சண்டை முடிந்து பாதையும் திறந்தபிறகு, ஆரையம்பதியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த அஜந்தாதான் ஊர் சுற்றிப் பார்க்கவேணும், காத்தான்குடியில் சேலை எடுக்கவேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ஆசை. அந்த ஆசைக்காகவே அவன் அவளைக் கட்டினான். அவளும் இல்லாமல் போனால் தன்னால் இனி ஒரு நாளும் ஏலாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஈரம் நாளுக்கு ஒரு சாண் ஏறுகிறது. தலைக்கு இன்னும் எத்தனை சாண்?

அஜந்தா குளிக்கப் போன நேரம் பார்த்து, வாகரையில் இருக்கிற சிவானுஜாவின் தாய் இரத்தினம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். ஐந்து வருசமாகப் பேசாத மாமி. திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை, நனைந்த உடுப்பைப் பற்றிச் சொன்னதும் எந்த அளவுக்கு ஈரம் என்று மட்டும் கேட்டாள்.

"முதல் கட்டின மூத்தவளுக்குக் குடுக்காம மத்தவளுக்குச் சேல குடுத்திருக்கீங்க தம்பி. புதுசு ஒண்டு எடுத்து, மடிப்புக் கலையாம அவள் போன இடத்தில வையுங்க. உயிருள்ள மேல் பட்டது ஆகாது. பட்டா, பட்டவளையும் சேத்துத்தான் எடுப்பாள்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

காத்தான்குடியில் ஸஹீதா என்கிற பெண் தன் வீட்டு முன்னறையிலேயே சேலை விற்றாள். அஜந்தாவுக்குப் பிடித்தது கிளிப்பச்சையில் மஞ்சள் கரை போட்டது. ஸஹீதா அதை விரித்து அவள் மேலிலேயே சுற்றிக் கொசுவம் வைத்துக் காட்ட, அஜந்தா கண்ணாடிக்கு முன்னால் நாலு தரம் நடந்தாள், திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள். கழுத்துப் பவுடர் தோள் மடிப்பில் அப்பிக்கொண்டது. ஸஹீதா அதைக் கழற்றி, கையால் உருட்டி மடித்துப் பையில் போட்டாள். அஜந்தா பக்கத்தில் பாய் பார்க்கப் போனதும் சுபாகரன் குரலைத் தாழ்த்தி, அதே பச்சையில் இன்னொன்று, பிரிக்காமல், ஒட்டின விலைத் துண்டும் கிழிக்காமல் வேணும் என்று கேட்டான். வேறு நிறத்தில் எடுத்திருக்கலாம்தான். ஆனால் ஒருத்திக்கு ஒன்று மற்றவளுக்கு வேறொன்று என்று வந்தால் அதுவே வில்லங்கம், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி என்றால் ஆருக்கும் குறை இல்லை என்று அவன் நினைத்தான். புருசன்மாருக்கே வருகிற புத்தி.

மத்தியானம் இரவல் வாங்கின மோட்டார் சைக்கிளில் வடக்கே போனார்கள். பனிச்சங்கேணிப் பாலம் பார்க்க வடிவாக இருக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். விடுதியில் அவளைத் தனியே விட்டுவிட்டு வர அவனுக்குத் துணிவில்லை. வழியில் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் இரண்டு பையையும் வாங்கி, இரண்டு சேலையையும் வெளியே எடுத்து மண்மூட்டைக்கு மேல் வைத்து, பைகளை உதறிப் பார்த்து, திரும்பப் போட்டுக் கொடுத்தான். அப்போதுதான் அஜந்தா இரண்டாவதைக் கண்டாள். தன் அக்காவுக்கு என்று ஒரு பொய் சொன்னான். அக்காவுக்கும் பெண்சாதிக்கும் ஒரே சேலை எடுக்கிற ஆளை இப்போதுதான் காண்கிறேன் என்று அவள் அவன் முதுகில் குத்திச் சிரித்தாள். அவள் சிரித்த சூடு போகிற வழியெல்லாம் அவன் முதுகில் இருந்தது.

பாலத்தடியில் ஒரு சனம் இல்லை. கடற்பக்கம் வெறும் அத்திவாரங்கள், முள்ளுப் பற்றை, மிதிவெடிக்குக் கட்டின சிவப்பு நாடா. மேற்கே களப்பு. காற்று அங்கிருந்து முகத்தில் அடித்தது. வெயில் இன்னும் இரண்டு பனை உயரத்தில் நின்றது. அவளை ஒரு பூவரசு நிழலில் இருத்தி, படம் பிடிக்கிற பெட்டியையும் அவளுடைய பையையும் கொடுத்து, இந்தா வாறன் என்று மற்றப் பையோடு கண்ணாப் பற்றைக்குப் பின்னால் நடந்தான்.

சேலையை வெளியே எடுத்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த வாழையிலையில் வைத்தான். வெற்றிலை, பாக்கு, பூ. கற்பூரம் மூன்று தரம் அணைந்து நாலாம் தரம் பிடித்தது. அவன் சேலையைச் சரியாகப் பார்க்கவே இல்லை, கண்ணெல்லாம் தண்ணி. சிவானுஜா, இதை எடு, அவளை விடு என்று வாய்விட்டே கேட்டான். இலையைத் தண்ணியில் விட்டான். காற்று அவன் பக்கமாக அடித்தது. இலை காற்றை எதிர்த்து, ஆரோ மெதுவாகக் கூட்டிப்போவதுபோல உள்ளே போனது.

எடுத்துக்கொண்டாள். அவனுக்கு நெஞ்சுப் பாரம் விட்டுப்போனது. ஐந்து வருசத்து அழுகையை அழுது முடித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பூவரசு நிழலில் அஜந்தா சல்வாருக்கு மேலேயே பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்க, பாலமும் தெரியிறமாதிரி ஒரு படம் எடுங்களன்."

அவன் பெட்டியைக் கண்ணில் வைத்தான். சிரித்த முகம். பச்சை. அந்தப் பச்சையில் மேலிருந்து கீழ்வரைக்கும், வெட்டினதுபோல, மடிப்புக் கோடுகள். கொசுவம் படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. தோளில் பவுடர் இல்லை. தோளில் ஒட்டின துண்டு இருந்தது.

ஆமிக்காரன் மாற்றிப் போட்டிருக்கிறான்.

மூத்தவளுக்கு எடுத்தது இவள் மேலில். இவள் உடுத்தினது களப்பில்.

"காலையில சுத்தினதவிட மொடமொடண்டு இரிக்கி," என்றாள் அஜந்தா. "ஆனா குளிருது. ஏன் குளிருது?" குனிந்து பார்த்தாள். சேலை இடுப்பு வரைக்கும் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவள் நின்ற மண் காய்ந்த மண்.

கழற்று, கழற்றி எறி, பைக்கில் ஏறி இரு, தண்ணிப் பக்கம் வராதே என்று கத்தினான். அவள் பயந்துபோய்த் தோளில் குத்தின ஊசியைத் தேடத் தொடங்கினாள். அவன் ஓடினான். களப்பில் விட்ட மற்றதை எடுத்தால் போதும். எப்படியாவது எடுத்தால் போதும்.

களப்பு முழங்கால் ஆழம்தான். சேற்றில் விழுந்து எழும்பி விழுந்து போனான். இலை இல்லை. கற்பூரம் இல்லை. சேலை மட்டும் விரிந்து நீளமாகக் கிடந்தது. ஒரு தலைப்பு கைக்கெட்டியது. மற்றத் தலைப்பு பழுப்புத் தண்ணிக்குள் எங்கேயோ போய் மறைந்தது. பிடித்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. வேரில் மாட்டியிருந்தால் விறைத்து நிற்கும். இது விறைக்கவில்லை. அளவாகத் தாங்கிப் பிடித்தது.

பின்னால் தண்ணிச் சத்தம்.

அஜந்தா இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் இல்லை, பாலத்தடி ஓடைப் பக்கம். ஆழமான இடம். பச்சைச் சேலை அப்படியே மேலில் இருந்தது. விரல்கள் இன்னும் தோளில் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தன, கால் மட்டும் நடந்தது.

"என்ர கால், இஞ்சாருங்க, என்ர கால் சொல்லுக் கேக்குதில்ல."

அவன் மறுபடி இழுத்தான். அவள் ஒரு அடி இறங்கினாள்.

நிறுத்தினான். அவளும் நின்றாள்.

சேலையை விட்டுவிட்டு அவளிடம் ஓடலாம் என்று பிடியைத் தளர்த்தினான். ஒரு முழம் வழுகிப்போனது. ஒரு முழம்தான். அங்கே இடுப்பளவில் நின்றவள் தோள்வரைக்கும் போனாள். வீரிட்டாள். பாய்ந்து திரும்பப் பிடித்துக்கொண்டான்.

இழுக்க ஏலாது. விட ஏலாது.

பிடித்துக்கொண்டு நின்றான். ஆரும் வரமாட்டார்களா என்று கத்தினான், தொண்டை கிழியக் கத்தினான். சாவடி கூப்பிடு தூரத்தில் இல்லை. காற்று அவன் சத்தத்தை அத்திவாரங்கள் பக்கம் கொண்டுபோனது. வெயில் பனை உயரத்திலிருந்து இறங்கித் தண்ணியைத் தொட்டது. கை மரத்தது. முழங்கை ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அங்கே தண்ணி அஜந்தாவின் கழுத்தில் கொஞ்சம் ஏறியது. அவள் கத்துவதை விட்டுவிட்டாள். விட்டுடாதீங்க என்று மட்டும் திரும்பத் திரும்ப, மெதுவாக, சொல்லிக்கொண்டிருந்தாள். விடமாட்டன் என்றான். விடமாட்டன் புள்ள.

அப்போது மற்றப் பக்கம் சேலையை ஒரு தரம் உதறியது.

இன்னொரு தரம்.

அந்த உதறல் அவனுக்குத் தெரியும். காய்ந்த சேலையை மடிக்க இரண்டு பேர் வேணும். ஒருவர் ஒரு தலைப்பு, மற்றவர் மறு தலைப்பு. பொழுதுபடும் நேரம் கொடியிலிருந்து எடுத்து, முற்றத்தில் எதிரெதிரே நின்று, சுருக்கம் போக உதறி, மூலையோடு மூலை சேர்த்து, நடந்து வந்து கையில் கொடுப்பாள் சிவானுஜா. இரண்டு தரம் உதறுவாள். எப்போதும் இரண்டு தரம்.

தண்ணி பிளந்தது. மற்றத் தலைப்பு மேலே வந்தது. இரண்டு மூலையும் விரிந்து, நெஞ்சுயரத்தில் நின்றன. பிடித்த கை தெரியவில்லை. மூலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒழுங்காக. கரையோடு கரை பொருத்தி.

பிறகு அவனை நோக்கி நடந்து வந்தது.

ஒரு அடி. தண்ணி அஜந்தாவின் நாடியில்.

ஒரு அடி. வாயில்.

சேற்று மணம் முகத்தில் அடித்தது. மூலைகள் அவனுக்கு முன்னால் ஒரு முழத்தில் வந்து, வாங்கச் சொல்லி, பொறுத்து நின்றன. ஓடையில் அஜந்தாவின் கண்கள் மட்டும் தண்ணிக்கு மேலே இருந்தன, அவனையே பார்த்தன. வேண்டாம் என்றான். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சிவானுஜாவோடு நாலு வருசம் மடித்துப் பழகின அவனுடைய இரண்டு கைகளும் மூலையை வாங்க நீண்டன.