நிழற்கன்று

விடிவதற்கு முன்பே தர்ஷினியின் காதில் மகள் பேசிவிடுவாள்.

"அம்மா, எந்திரிங்க. செவப்பி காலை மாத்தி மாத்தி நிக்கறா. மடி கனத்திருச்சு போல."

"வாரேன் அம்மிணி. மொகமாச்சும் கழுவ விடு."

தாராபுரத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. புருஷன் இல்லாத தர்ஷினிக்குச் செவப்பி ஒருத்திதான் பிழைப்பு. தொழுவத்து மூலையிலிருந்த நிழற்கன்றைத் தூக்கி வந்து மாட்டின் முன்னால் நிறுத்தினாள்.

கன்று ஈன்ற அன்றே பால் சங்கத்து வண்டி வந்து அதைப் பொதுப்பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். கன்று குடிக்கும் பாலும் விற்பனைக்கு வரும், ஒற்றை மாட்டுக்காரரின் வருமானமும் உயரும். உயரத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கன்றைக் காணாத மாடு பாலை அடக்கிக்கொள்ளுமே. அதற்குத்தான் இந்த நிழற்கன்று. முன்பெல்லாம் செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்துவார்கள். இது அதைவிடக் கெட்டிக்காரப் பொம்மை. மேல் கதகதப்பாக இருக்கும், மூச்சு விடும், பிரிந்த கன்றின் வாசமே வீசும். செவப்பி அதை நக்க நக்கப் பால் இறங்கியது.

"தலையத்தான் நக்கறா, பாருங்கம்மா," என்று மகள் சிரித்தாள்.

அச்சு அசல் நிறைமதியின் சிரிப்பு. செவப்பி போன தடவை ஈன்ற மறுமாதமே, பெற்ற மகள் நிறைமதி காய்ச்சலில் செத்துப்போனாள்.

அவள் போனபின் தர்ஷினி பாயை விட்டு எழவில்லை. சாணி கிடந்தது, தீவனத்தொட்டி காய்ந்தது, பால் பாதியாயிற்று. பால் அளக்க மடியில் ஒட்டியிருந்த மடிமானி அதைச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டது. சங்கத்தார் கெட்டவர்கள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், திரும்பும்போது அவள் காதில் குரல்துணையை மாட்டிவிட்டுப் போனார்கள். மகள் போனில் பேசியதையெல்லாம் சேர்த்துச் செய்த குரல். மாட்டின் சேதியை மடிமானியும் நிழற்கன்றும் அதற்குச் சொல்லிக்கொடுக்கும். கறவை நடக்கும் வரைக்கும்தான் பேசும். மாடு வற்றினால் நிழற்கன்றும் போகும், குரலும் போகும். மறு ஈற்றுக்கு நிழற்கன்று வரும், குரல் வராது. அதற்குள் துக்கம் ஆறிவிடும் என்பது சங்கத்தின் கணக்கு.

செவப்பி இப்போது நிறைசினை. கறவையை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். தர்ஷினிக்கா தெரியாது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அன்று காலை சங்கத்து மாட்டு டாக்டர் சுகந்தன் வந்தான். செவப்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

"ஏனுங்க்கா, இன்னுமா கறக்கறீங்க? வயித்துக் கன்னு தேறாதுங்க. தாயோட சத்தெல்லாம் பாலுக்கே போயிருது."

"நிறுத்திட்டா அவ பேச மாட்டாளே தம்பி."

சுகந்தன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். "பால் வர்ற வரைக்கும் சங்கத்துல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்க இஷ்டங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தர்ஷினி செவப்பியின் விலாவில் கை வைத்தாள். உள்ளே லேசாக ஒரு உதை.

"அம்மிணி, என்ன பண்றதுன்னு நீயே சொல்லு."

"கறங்கம்மா. இன்னும் பால் இருக்குதில்ல? ஒரு வாரம் கறந்தா என்ன ஆயிரப் போகுது?"

குரல் மகளுடையதுதான், அந்த இழுவைகூட அவளுடையதுதான். ஆனால் நிறைமதி இதைச் சொல்ல மாட்டாள். போன சினையின்போது அம்மா ஒரு வேளை கூடுதலாகக் கறந்துவிட்டாள் என்று பால் சொம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். "அது வயித்துல இருக்கற புள்ளைக்குங்கம்மா," என்று அழுதவள். பாலைப் பெருக்க மட்டும் பழக்கப்பட்ட குரலுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அதன்மேல் கோபப்படக்கூடத் தர்ஷினியால் முடியவில்லை.

"ஏனுங்கம்மா பேச மாட்டேங்கறீங்க?"

"சாப்பிட்டயா அம்மிணி?"

"சாப்பிட்டனுங்க. நீங்க?"

"நான் சாப்பிட்டுக்கறேன். நீ போ சாமி."

கறவை முடிந்ததென்று மடிமானியைக் கழற்றினாள். காது அடங்கிப்போனது.

மறுநாள் வண்டி வந்து நிழற்கன்றை ஏற்றிக்கொண்டு போயிற்று. செவப்பி கயிறு அறுபடும்படி இழுத்து, வண்டி போன தடத்தைப் பார்த்துக் கத்தினாள். தர்ஷினி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பொம்மைன்னு உனக்கும் தெரியுந்தானடி? தெரிஞ்சுதான நக்குன?"

செவப்பியின் கத்தல் அடங்கவில்லை.

"உள்ள இருக்கறத நல்லபடியா பெத்துக் குடு. அதையும் கொண்டுக்கிட்டுத்தான் போவாங்க. போகட்டும். எங்கயோ உசுரோட இருக்குதுன்னு நெனச்சுக்கலாமில்ல?"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. மகளைக் குழியில் வைத்த அன்றும் அழாத தர்ஷினி, மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.