கூப்பிடாத பெயர்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில், ஆளே இல்லாத தண்ணீரின்மேல், கமராத் திரையில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் விழுந்தது.

யசிந்தா முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முகம் தேடிப்பிடிக்கிற கமராக்கள் சில நேரம் தென்னங்குற்றியைக்கூட முகமென்று நம்பிவிடும். ஒருமுறை மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணைப் பார்க்கமாட்டேனென்று அடம்பிடித்ததும் உண்டு. ஆனால் அப்படித் தவறும்போதெல்லாம் வெள்ளைக் கட்டம்தான் விழும். மஞ்சள், கமராவுக்குள் முன்பே பதிந்து வைத்திருக்கிற முகத்துக்கு மட்டும் வருவது. அவளுடைய கமராவில் பதிந்திருந்தது ஒரேயொரு முகம், அவளுடைய புருஷன் எமில்ராஜின் முகம். அவன் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு மாரி கழிந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கட்டம் போயிருந்தது. மண்டைதீவுப் பக்கமிருந்து வந்த காற்றில் பாசியும் சேறும் மணத்தன.

அவன் போனபிறகு அவள் ஏற்ற முதல் வேலை இது. உரும்பிராய் உதயகலாவுக்கு அடுத்த மாதம் கலியாணம், மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருகிறான், கடலோரத்தில் சோடியாகப் படம் எடுக்கவேண்டுமாம். பண்ணையில் தொடங்கி, கோட்டை மதிலோரம் போய், பொழுதுபடுகிற நேரத்துக்குப் படகுகள் கட்டுகிற குருநகர் ஜெற்றியில் முடிப்பதாகத் திட்டம். எந்த இடத்தில் வெளிச்சம் எப்படி விழும், யாரை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே வந்து பார்த்துவிடுவது அவளுடைய வழக்கம். அப்படிப் பார்க்க ஒரு ஆள் நிற்கவேண்டும். முன்பெல்லாம் எமில்ராஜ்தான் நிற்பான். நித்திரை போதாத கண்ணோடு, சாரமும் வெளிறிய ரீசேட்டுமாக, ஊரிலுள்ள மாப்பிள்ளைமார் எல்லாருக்கும் பதிலாக நின்றவன் அவன்.

"கட்டினது ஒருத்தியை. மாப்பிள்ளையா நிண்டது யாழ்ப்பாணம் முழுக்க," என்று பகிடி விடுவான். அவள் சொல்லும்வரை அசையமாட்டான். "இஞ்சாலை வாங்கோ" என்றால் வருவான், "நில்லுங்கோ" என்றால் நிற்பான். கடலில் யாருக்கும் அடங்காத மனிதன் கமராவுக்கு முன்னால் அப்படி ஒரு நல்ல பிள்ளை.

இத்தனை அதிகாரம் பண்ணுகிறவளுக்குப் புருஷனின் பெயர் மட்டும் வாயில் வராது. அவளுடைய தாய் கூப்பிட்டதில்லை, மாமி கூப்பிட்டதில்லை, அந்தக் கரையில் பெயர் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்ட பெண்ணை அவள் கண்டதுமில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கூப்பாடுதான். "இஞ்சாருங்கோ!" மீன் சந்தையில் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டால் நாலு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஒருக்கா எமில் எண்டு சொல்லு, புது லென்ஸ் வாங்கித் தாறன்," என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். அந்த லென்ஸ் வாங்கப்படவே இல்லை.

வெறும் படகு கரைக்கு வந்த அன்று மாமி செபஸ்தியம்மா மகனின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். சொந்தம், அயல், மீனவர் சங்கத்து ஆட்கள் எல்லாரும் கத்தினார்கள். கட்டினவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உடல் கிடைக்கவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ என்ற கேள்வி அன்றைக்கு அவளுக்குள் இறங்கியது. சோறு தின்னும்போதும், பூசையில் முழங்காலில் நிற்கும்போதும், அது அவளை விட்டபாடில்லை.

கோட்டை மதிலோரம் கமராவை முக்காலியில் பூட்டிக் கடலைப் பார்க்கத் திருப்பினாள். பழைய முருகைக்கல்லில் பகல் வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. வீதியில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டுக் கேட்டது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், உலகம் தன் பாட்டுக்கு நடந்தது.

மஞ்சள் கட்டம் விழுந்தது. இந்த முறை பெரிதாக.

முகம் கிட்ட வந்தால் கட்டம் பெரிதாகும். அவ்வளவுதான் கணக்கு. அவள் பட்டனை அமர்த்தினாள். எடுத்த படத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். கட்டம் அங்கேயே நின்றது, ஒரு மனிதனின் தலை நிற்கிற உயரத்தில், மெல்ல ஏறி இறங்கிக்கொண்டு.

பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது வெட்கங்கெட்ட சந்தோசம். அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஜெற்றிக்குப் போனாள்.

அங்கே எமில்ராஜோடு ஒரே படகில் தொழில் செய்து, அவன் தொலைந்த அன்று கடலுக்குப் போகாதிருந்த றமேஸ் மட்டும் வலை மடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பொழுதுபடுது. ஆரைப் படம் எடுக்கிறியள்?"

"ஒருத்தரையுமில்லை. வெளிச்சம் பாக்கிறன்."

றமேஸ் எழுந்து வந்து அவளுடைய தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தான். கட்டியிருந்த படகுகளுக்கு அப்பால், மஞ்சள் கட்டம். அவன் கடலைப் பார்த்தான். திரும்பத் திரையைப் பார்த்தான்.

"உந்தக் கமரா பழுது. வீட்டை போங்கோ அக்கா. மாமி தேடப்போறா."

"ஓம், போறன்."

பாதி மடித்த வலையை அப்படியே போட்டுவிட்டு அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அந்தச் சத்தம் தேவாலயப் பக்கமாகப் போய்த் தேய்ந்தபிறகு, படகுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. டீசல் மணத்தது. வானத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

கட்டம் அசையவில்லை. வளரவுமில்லை.

அவளுக்கு அது விளங்கியது. சொல்லும்வரை அவன் அசையமாட்டான். இத்தனை காலமும் அவள் சொல்லுவாள் என்றுதான் நின்றிருக்கிறான், அவள் சொல்லவே இல்லை. அழுகையோடு சேர்ந்து அந்தச் சொல் தானாக வந்தது.

"இஞ்சாருங்கோ..."

கட்டம் அசைந்தது. அவளை நோக்கி.

"இஞ்சாருங்கோ! இஞ்சாலை வாங்கோ! நான் நிக்கிறன், வாங்கோ!"

ஒரு வருசத்து அழுகை முழுவதையும் அந்தக் கூப்பாட்டில் கொட்டினாள். அது தண்ணீரின்மேல் நெடுந்தூரம் போனது.

திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது.

மஞ்சளுக்குப் பக்கத்தில். அதற்கு அப்பால் இன்னொன்று. இடப்புறம் இரண்டு. பிறகு மண்டைதீவுப் பக்கமாக, அரிசி சிந்தினாற்போல், சின்னச் சின்னதாக, எண்ணமுடியாமல். அவள் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தாள். வெறுங்கடல். அலைகூட இல்லை. குனிந்து திரையைப் பார்த்தாள். கட்டங்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

புயலில் போனவர்கள். துப்பாக்கிச் சூடுபட்டுப் போனவர்கள். எப்போது போனார்களென்று சொல்லவே ஆளில்லாதவர்கள். ஒவ்வொருவருக்கும் இந்தக் கரையில் ஒருத்தி இருந்திருப்பாள். ஒவ்வொருத்தியும் இதே சொல்லால்தான் கூப்பிட்டிருப்பாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

மஞ்சள் கட்டம் பின்னால் தங்கிவிட்டது. வெள்ளைக் கட்டங்கள் அதை முந்திக்கொண்டு, மறைத்துக்கொண்டு வந்தன. கமரா ஒவ்வொரு முகமாகத் தாவித் தாவித் தேடியது. க்ளிக். க்ளிக். க்ளிக். பெயர். பெயரைச் சொல்லவேண்டும். அவனை மட்டும் கூப்பிட அது ஒன்றுதான் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லு. ஒருக்காச் சொல்லு.

"எமில்ராஜ்!"

தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

மஞ்சள் கட்டம் நின்றது. கொஞ்சநேரம் தயங்கியது. பிறகு ஒடுங்கத் தொடங்கியது. முகம் மறுபுறம் திரும்பினால் கட்டம் அப்படித்தான் ஒடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில் அந்தப் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். அவளல்ல என்று நினைத்துவிட்டான்.

"எமில்! நான்தான்! ஐயோ, நான் யசி!"

மஞ்சள் அணைந்தது.

மற்றவர்கள் நிற்கவில்லை. அவர்களை அழைத்த சொல் சரியான சொல். கட்டத்தின்மேல் கட்டம் ஏறியது. திரையில் கடல் தெரியவில்லை. ஜெற்றியின் கீழ்ப்படி நனைந்தது. அதற்கு மேற்படி. அதற்கும் மேற்படி.

அவளுடைய செருப்புக்கு முன்னால், காய்ந்த சீமெந்தில், ஈரமாக ஒரு காலடி.

திரையில் இப்போது கட்டம் ஒன்றுதான். முழுத்திரையும் அதுதான்.

வெள்ளை.