அஞ்சுக்கு அஞ்சு

புது ரேடியோவுக்குள் பேட்டரி ஏற்கெனவே இருந்தது. அவன் பிரிக்கும்வரை பெட்டியின் ஒட்டுகூடப் பிரியவில்லை. உள்ளே பேட்டரி, தொட்டால் லேசான சூட்டோடு.

"கடைக்காரர் போட்டுப் பாத்திருப்பாருங்க," என்றாள் மனைவி. "வாங்கிக் குடுத்தா வாங்கிக்கணும். அதையும் நோண்டிக்கிட்டு."

அவன் சிரித்துவிட்டான். வேலையை விட்டு வீட்டில் குந்தியிருக்கும் புருஷனுக்கு எவள் பரிசு வாங்கித் தருவாள்? கல்யாணமான புதிதில் அவன் சிற்றலை ரேடியோப் பைத்தியம். எங்கோ கடலுக்கு அப்பால் எவனோ புரியாத பாஷையில் செய்தி வாசிப்பதை இரைச்சலுக்கு நடுவே பிடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம். நைட் ஷிப்ட் வந்ததும் அந்த ரேடியோ பரணில் கிடந்து செத்துப்போனது. "மறுபடியும் ஆரம்பிங்க, மனசு லேசாகும்," என்று அவள்தான் இதை வாங்கி வந்தாள். ஆன்டெனாவுக்கும் அவளே ஒயர் கட்டியிருந்தாள். துணிக்கொடியிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டிலில் அவன் தலைவைக்கும் பக்கம் முடிந்தது. நுனியில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப்.

அந்த இடத்தில் எதற்கு என்று கேட்க நினைத்தான். நோண்டல் என்பாள். விட்டுவிட்டான்.

அவன் வேலை பார்த்தது குளிர்பதனக் கிடங்கில். ராத்திரி முழுக்க ஒவ்வோர் அறையாகப் போய் வெப்பமானி பார்ப்பதுதான் வேலை. கடைசி அறை காலி, வெளியே பூட்டு. ஒருநாள் அதற்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். "ரொம்பக் குளிருது. திற. வீட்டுக்குப் போகணும்." அது அவனுடைய குரல். சாவிக்கொத்தைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தவன் திரும்பிப் போகவில்லை. மேலாளரிடம் முதுகுவலி என்றான். உண்மையை அவளிடம் மட்டும் சொன்னான். மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரம் சிற்றலைக்கு நல்லது. அவன் கட்டிலில் உட்கார்ந்து கிளிப்பை ரேடியோவின் குச்சி ஆன்டெனாவில் கவ்வவிட்டுக் குமிழைத் திருகினான். ஈரத்துணியின் சோப்பு வாசனை ஜன்னலில் வந்தது. அடுக்களையில் கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவில் கடல் மாதிரி இரைச்சல் ஏறி இறங்கியது, அதற்குள் ஒரு பாட்டின் வால், ஒரு இருமல், மறுபடி கடல். பழைய சந்தோஷம் வயிற்றுக்குள் மெதுவாகக் கண் விழித்தது.

பிறகு ஒரு பெண் குரல். தமிழ்.

"சத்தம் அஞ்சுக்கு நாலு. இரைச்சல் கொஞ்சம் இருக்கு. இப்பதான் கட்டில்ல உக்காந்திருக்காரு."

சிற்றலை கேட்பவர்கள் நிலையங்களுக்கு எழுதிப் போடும் ரிப்போர்ட் அப்படித்தான் இருக்கும். எவ்வளவு தெளிவாகக் கேட்டது, அஞ்சுக்கு எத்தனை. அந்த மார்க் போடும் முறையை அவன் உலகத்தில் ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். போர்வைக்குள், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு.

"கடைசி ரூம்ல கேட்டதை என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. வேற யாருக்கும் தெரியாது."

அடுக்களையில் கத்தி நிற்கவில்லை.

ஏதாவது வீட்டு மின்சாரத்தின் வேலையாக இருக்கும். சார்ஜர், பல்பு, எதுவானாலும் ரேடியோவில் புகுந்து குழப்பும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்பது. வீட்டுக் கோளாறு என்றால் நின்றுவிடும். கூடத்துக்குப் போய் மெயினை இறக்கினான். வீடு இருண்டது. இரைச்சல் நின்றது.

குரல் நிற்கவில்லை. இன்னும் துல்லியமானது.

"கரண்ட்டை அணைச்சிட்டாரு. இரைச்சலே இல்ல இப்ப."

"என்னம்மா, இருட்டுல கையை வெட்டிக்காத," என்று அடுக்களையைப் பார்த்துச் சொன்னான். தன் குரல் தனக்கே ஒல்லியாகக் கேட்டது.

கத்தி மட்டும்.

அடுத்த வழி. ஒயரைக் கழற்றினான். குச்சியை மடக்கினான். இப்படி வைத்தால் தூரத்து நிலையம் எதுவும் எடுக்காது; பக்கத்தில் இருப்பதுதான் கேட்கும். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். படுக்கையறை ஜன்னலருகே குரல் முணுமுணுப்பானது. கூடத்தில் பேச்சானது. ஒவ்வோர் அடிக்கும் ஏறியது. அடுக்களை வாசலில் ரேடியோவே அதிர்ந்தது.

அவள் முதுகைக் காட்டி நின்றாள். வெங்காய நெடி. பலகையில் எதுவும் இல்லை. வெறும் பலகையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம். வாய் மூடியிருந்தது.

"பயந்து ஓடி வந்தவரு எனக்கு எதுக்கு?" என்றது ரேடியோ. "அந்தக் குளிர்லயும் வீட்டுக்குப் போகணும்னு நின்னீங்களே. நீங்க போதும். அஞ்சுக்கு அஞ்சு. என்னங்க, கேக்குதா?"

என்னங்க.

அவனைத் தவிர அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கேக்குது," என்றது ரேடியோ. அவன் குரலில்.

தெருக்கதவில் சாவி திரும்பியது. கிடங்கில் அவன் போட்டுவிட்டு வந்த கொத்தின் கிணுகிணுப்பு. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. அவள் திரும்பினாள். முன்பெல்லாம் அவன் ஷிப்ட் முடித்து வரும்போது பூக்குமே, அந்த முகம். அதோடு அவனைக் கடந்து போனாள். போகிற போக்கில் ரேடியோவை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அவன் கத்தினான்.

வாய் திறந்தது. தொண்டை கிழிந்தது. சத்தம் ரேடியோவிலிருந்து வந்தது. மெல்லிசாக. கடலுக்கு அப்பாலிருந்து வருவதுபோல.

வந்தவன் செருப்பைக் கழற்றினான். சட்டைத் தோளில் வெள்ளையாக உறைபனி. மெயினைத் தூக்கினான். விளக்கு எரிந்தது. கத்திக்கொண்டிருந்தவனின் நாற்காலியில், அவனைப் போலவே ஒரு காலை மடித்து உட்கார்ந்தான்.

"யாரும்மா இது, இப்படிக் கத்துறான்?"

"தெரியலீங்க. புரியாத பாஷை," என்று அவள் ஒலியைக் குறைத்தாள்.

"அணைச்சிடு. பேட்டரி வீணாகுது."

அவள் விரல் அணைக்கும் குமிழில் இருந்தது.