கடையை இருட்டாக்கிய கடுகு

எங்கள் மாடிவீட்டுக் கடுகு ஒரு நாள் கோபப்பட்டாள். நாற்பது கம்ப்யூட்டர்கள் ஒரே நொடியில் அணைந்துபோயின. அவள் எந்த சுவிட்சையும் தொடவில்லை. கடைக்குள் நின்றாள், கோபப்பட்டாள், கடை இருண்டது. அவ்வளவுதான்.

இதை நான் சொன்னதும், எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலமெல்லாம் கடிகாரம் பழுது பார்த்தவர். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

"லிஃப்ட்காரரே, நீங்க வேலையில இருந்தப்ப உங்க லிஃப்ட்டுல யானை ஏறிச்சுன்னு போன வாரம் சொன்னீங்க."

"குட்டி யானைன்னுதானே சொன்னேன்."

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணும்."

"இது புளுகு இல்ல. நானே கூட இருந்தேன். கேளுங்க."

அவர் கேட்டார். நீங்களும் கேளுங்கள்.

கடுகுக்கு வயது பத்து. உயரம் என் இடுப்பளவு. கோபம் எங்கள் கட்டடத்தின் உயரம்.

அவளுடைய அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். பகலெல்லாம் நின்றபடி வேலை. மாலையில் வீட்டில் உட்கார்ந்து மருந்துக் கடை உதவியாளர் படிப்பு. ஒரு வருடம் அப்படிப் படித்தார். கடைசிப் பரீட்சை திங்கட்கிழமை காலை. வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். எழுதுவதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும்.

வியாழக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் 'புஸ்' என்று புகைவிட்டுச் செத்துப்போனது.

திங்கட்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த பரீட்சை அடுத்த வருடம்தான். அதுவரை இஸ்திரிப் பெட்டிதான் கதி.

சனிக்கிழமை என் பழைய காரில் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினோம். அம்மாவின் கையில் சேமிப்புப் பணம் வைத்த ஓர் உறை. பின்சீட்டில் கடுகு. முன்சீட்டில் அவளுடைய மாமா. உலகத்தில் எல்லாமே தனக்குத் தெரியும் என்று நினைப்பவர். அதனால் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர்.

"வாங்கறதே வாங்கறோம், பெருசா வாங்குவோம்" என்றார் நிபுணர்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றாள் கடுகு.

"கம்ப்யூட்டர் விஷயம் நான் பாத்துக்கறேன். நீ சும்மா இரு."

கடுகு சும்மா இருந்தாள். ஆனால் அப்போது காருக்குள் ஒரு முட்டையை உடைத்து வைத்திருந்தால் வெந்திருக்கும்.

கடை வாசலிலேயே கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைக்காரர் ஓடிவந்தார். அம்மாவைத் தாண்டினார், என்னையும் தாண்டினார், நேராக நிபுணரிடம் போய் நின்றார். "சாருக்கு என்ன மாதிரி வேணும்?"

"இருக்கறதிலயே வேகமானது."

அவ்வளவுதான். எங்களைக் கடையின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மூன்று பெரிய கம்ப்யூட்டர்கள். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே ஏழு நிற விளக்குகள். ஒவ்வொன்றிலும் ஆறு விசிறி. வெயில் காலத்தில் ஒன்றைக் கூடத்தில் வைத்தால் வீட்டுக்கு மின்விசிறியே வேண்டாம்.

விலைச்சீட்டைப் பார்த்த அம்மா உறையை இறுக்கிப் பிடித்தார். "எனக்குப் பரீட்சை எழுதத்தான் வேணும். அதுக்கு..."

"பெரியவங்க பேசிட்டிருக்கோம், கொஞ்சம் இருங்கம்மா" என்றார் விற்பனைக்காரர். அவருக்கு அம்மாவைவிட எட்டு வயதாவது குறைவு.

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் நிபுணர்.

கடுகின் காதுகள் சிவந்தன. நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அனுபவம்.

"மாமா" என்றாள் கடுகு. "எங்க அம்மாவுக்கு ஆயிரத்து இருநூறு மருந்து பேரு மனப்பாடம். உங்களுக்கு எத்தனை தெரியும்?"

நிபுணருக்குத் தலைவலி மாத்திரை ஒன்றுதான் தெரியும். அன்றைக்கு அதன் பெயரும் மறந்துவிட்டது.

"பாப்பா, கோபப்படாதே" என்றார் விற்பனைக்காரர். "இதுல ராக்கெட் கூட விடலாம்."

"எங்க அம்மா ராக்கெட் விடப் போறதில்ல. நாலு விடையில சரியான ஒண்ணை அமுக்கப் போறாங்க."

தன் உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பேனாவால் எழுதியிருந்தது. காலையில் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியது.

"பரீட்சைப் பக்கம் திக்காமத் திறக்கணும். கேமரா வேணும். உறைக்குள்ள அடங்கணும். இவ்வளவுதான். வீட்டுல திரை நல்லாருக்கு, கீபோர்டு நல்லாருக்கு. செத்தது பெட்டி மட்டும். எதுக்கு எல்லாத்தையும் புதுசா வாங்கச் சொல்றீங்க?"

இப்போது விற்பனைக்காரருக்கும் கோபம். "வெறும் பெட்டின்னா சின்னதா ஒண்ணு இருக்கு. அது பொம்மை. அரை மணி நேரத்துல நின்னுடும்."

"அப்ப இது நிக்கவே நிக்காதா?"

"இதுவா? மூணையும் சேர்த்துப் போடறேன், பாரு."

"போடுங்க. எல்லா லைட்டையும் போடுங்க. ஸ்பீக்கரையும் போடுங்க. பாத்துடுவோம்." கடுகு தரையில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

விற்பனைக்காரர் அமுக்கினார். பதினெட்டு விசிறிகளும் சுழன்றன. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்றன. ஸ்பீக்கர்கள் உறுமின. அடுத்த நொடி, எங்கோ சுவரில் 'டப்'.

கடை இருண்டது. நாற்பது திரைகளும் கண்ணை மூடிக்கொண்டன. யாருடைய காலையோ நான் மிதித்தேன். நிபுணர் கத்தியதிலிருந்து யாருடையது என்று தெரிந்தது.

அந்த இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம். கடைக்கோடியில், பில் போடும் மேசையில். அங்கே கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி, ஒன்றுமே நடக்காதது போலத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது யாரு?" என்றார், நிமிராமலே.

கடுகு அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்தாள். "நான்தான். இது மட்டும் எப்படி அணையல?"

"கீழே குட்டி பேட்டரி ஒண்ணு வச்சிருக்கேன். இதுக்கு அதுவே போதும். கொஞ்சமாத்தான் கரண்ட் குடிக்கும்." சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். "நாலு வருஷமா நாள் முழுக்க இதுலதான் பில் போடறேன். ஒரு நாள் கூட லீவு கேட்டதில்ல."

"பொம்மைன்னு சொன்னாரே அவரு?"

பில் போடும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக விற்பனைக்காரரைப் பார்த்தார். "அப்படியாப்பா? உன் சம்பளச் சீட்டையும் இந்தப் பொம்மையிலதான் அடிக்கறேன். இந்த மாசம் வேண்டாமா?"

விற்பனைக்காரர், சுமை தாங்காமல் விழுந்திருந்த சுவர் சுவிட்சை மறுபடி தூக்கிவிடப் போனார். வெளிச்சம் வந்தது. அவர் முகத்தில் மட்டும் வரவில்லை.

"இதே மாதிரி புதுசு மேல் அலமாரியில தூங்குது" என்றார் பில் அம்மாள். "லைட்டு இல்லையா, யாரும் கேக்கறதில்ல."

"எங்க அம்மா இதுல முதல்ல உக்காந்து பாக்கட்டுமா? சொன்னா நம்பக் கூடாது, செஞ்சு பாக்கணும்."

பில் அம்மாள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்தார். மாதிரிப் பரீட்சைப் பக்கம் திக்காமல் திறந்தது. இருபது கேள்விகள். வரிசையில் நின்ற எல்லோரும் மூச்சுவிடாமல் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் விரல் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. இருபதுக்கு இருபது.

"மேடம்" என்று குழைந்தபடி வந்தார் விற்பனைக்காரர். "இதுக்குக் கேமரா..."

அம்மா திரும்பினார். ஒரு வருடமாக அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"இருங்கன்னு சொன்னீங்க, இருந்தேன். இப்ப நீங்க கொஞ்சம் இருங்க."

அவர் இருந்தார்.

நிபுணர் தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அக்கா, உனக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்ல."

"இப்பக் கேளுங்க மாமா" என்றாள் கடுகு. காதுச் சிவப்பு பாதிதான் இறங்கியிருந்தது.

கேட்டார். புதிய சின்னப் பெட்டியும் ஒரு குட்டிக் கேமராவும் வாங்கினோம். உறையில் மிச்சமும் இருந்தது.

திங்கட்கிழமை காலை நிபுணர் படிக்கட்டில் காவல் நின்றார். மேலே ஏறியவர்களை எல்லாம் "உஷ்" என்றார். ஒரு பூனையைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னதாகக் கேள்வி. பெட்டி நிற்கவில்லை, அம்மாவும் எங்கும் நிற்கவில்லை. இப்போது தெருமுனை மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

"இதுதான் நடந்தது" என்று முடித்தேன்.

"நடந்திருக்காது" என்றார் கடிகாரக்காரர். குடையையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கிளம்பிப்போனார்.

மாலையில் திரும்பி வந்தார். அவர் அக்குளில் ஓர் அட்டைப்பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவு.

"என்ன, போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பில் மேசையில ஒரு அட்டை தொங்குது. 'இது கடையின் சொந்தப் பெட்டி. விற்பனைக்கு இல்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.'"

"அப்புறம்?"

"சுவர்ல இருந்த அந்த சுவிட்சைக் கழற்றிப் பாக்கலாமான்னு கேட்டேன். விடல. ஆனா பில் போடற அம்மாவை விசாரிச்சேன். அந்த விற்பனைக்காரரையும் விசாரிச்சேன். கம்ப்யூட்டரை எல்லாம் எண்ணியும் பாத்தேன்."

"எண்ணி?"

"நாற்பது இல்ல. முப்பத்தெட்டு."

"மத்தபடி?"

கடிகாரக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மத்தபடி, நடந்ததுதான்."