ஆறாம் மேசைக்குத் தே ஹாலியா

“நான் தே ஹாலியா கேக்கலையே... சாதா தே தாரிக்தானே சொன்னேன்?”

தேநீர்க் கடைக் கல்லாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஃபாயிஸா நிமிரவே இல்லை. “ஆறாம் மேசைக்கு எந்தத் தே சொன்னாலும் இஞ்சி போட்டுத்தான் வரும் லா. வேணாம்னா வேற மேசைக்கு மாறிக்குங்க.”

“ஆறாம் மேசையா... இன்னுமா அப்படி வருது?”

அந்தக் குரல்... அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மெல்ல நிமிர்ந்தாள். மழையில் நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, கண்ணோரத்தில் அதே பழைய சிரிப்பு. சுப்ஹான்!

படிப்பு முடிந்த கையோடு ஒரு வார்த்தை சொல்லாமல் சிங்கப்பூருக்குப் போனவன்... இப்போது கிளாஸும் கையுமாகக் கல்லாவுக்கே வந்து நின்றான்.

“ரோட்டுல ஒரே ஜாம். மழைக்கு ஒதுங்கினேன். கடை இந்தப் பக்கம் மாறினது தெரியாது. தே வந்தப்புறம்தான் உங்க கடைன்னே தெரிஞ்சது...”

அவன் திரையை எட்டிப் பார்த்தான். “என்ன, ஏஐ ஏஜெண்ட்டா?”

“ஆமா. நம்ம பழைய ஆர்டர் சிஸ்டத்தை மாத்துறேன். கோட் எழுதுறது அது. வழி சொல்றது நான்.”

“அலமாக்! அங்க எனக்கும் இதே பொழப்புதான். ஏஜெண்ட்டுங்கள மேய்க்கிறேன். கொஞ்சம் அசந்தா, இல்லாத வேலையெல்லாம் இழுத்து வச்சிடும்.”

“ஒங்களையே மேய்க்க ஒரு ஆள் வேணும். நீங்க மேய்க்கிறீங்களாக்கும்!”

காலையிலிருந்து அந்த ஏஜெண்ட் சமர்த்தாகத்தான் வேலை செய்தது. பழைய நிரலைத் தானே படித்தது, திருத்தியது, கருவிகளை இயக்கிச் சோதித்தும் பார்த்தது. ‘புரியாத இடத்தில் ஊகிக்காதே, நின்று கேள்’ என்று ஃபாயிஸா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். சொன்னபடியே இப்போது திரையில் ஒரு கேள்வியோடு நின்றிருந்தது.

“ஆறாம் மேசையில் எந்தத் தேநீர் கேட்டாலும் தே ஹாலியாவாக மாறுகிறது. காரணம் தெரியவில்லை. இந்த விதியை நீக்கலாமா?”

ஞாயிற்றுக்கிழமை மூவாரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அத்தாவின் முகத்துக்காகச் சரி என்றிருந்தாள். இனி இதெல்லாம் எதற்கு என்று, ‘நீக்கு’ என எழுத விரலை வைத்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

அந்த ஆர்டர் சிஸ்டம், அவளும் சுப்ஹானும் மாணவர்களாக இருந்தபோது சேர்ந்து எழுதிய நிரல். டிசம்பர் மழை வந்தால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனாலும் சாரல் அடிக்கும் ஆறாம் மேசையை விடமாட்டாள். ஒருநாள் தே தாரிக் கேட்டால், இஞ்சி மணக்க வந்து நின்றது. “அது... பிழை. நாளைக்குச் சரி பண்ணிடறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் சுப்ஹான். அந்த ‘நாளை’ வரவே இல்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை. எவ்வளவு இனிமையான மழைக்காலம் அது! அப்புறம் எத்தனை டிசம்பர் வந்து போனாலும், கடையே இடம் மாறினாலும், அந்த ‘பிழை’யை யாரும் தொட அவள் விடவில்லை.

“ஏன் சொல்லாமப் போனீங்க?”

அவன் சிரிப்பு மறைந்தது. “உங்க அத்தா ஒனக்கு ஊர்ல மாப்பிள்ளை பேசிட்டிருந்தாரு. போன்ல பேசினதை நானே கேட்டேன். நீயும் சரின்னுதான் சொல்லுவேன்னு...”

“அன்னிக்கே அத்தாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நீயா நினைச்சே, நீயா முடிவு பண்ணே, நம்பரையும் மாத்திட்டுப் போயிட்டே...” கணினியை அவன் பக்கம் திருப்பினாள். “இதைப் பாரு. உயிரில்லாத இதுக்குக்கூட, புரியலன்னா நின்னு கேக்கத் தெரியுது. ஒனக்குத் தெரியல!”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. சுப்ஹான் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“ஃபாயிஸா... அது பிழை இல்ல.”

“தெரியும்.”

“ஒன்னைப் புடிக்கும்னு வாயால சொல்ல தைரியம் வரல. அதான் தேயில இஞ்சி போட்டேன்.”

“இப்ப மட்டும் தைரியம் வந்திடுச்சாக்கும்...”

“இல்ல. பயமாத்தான் இருக்கு. ஆனா மறுபடியும் கேக்காமப் போறத நினைச்சா அதைவிடப் பயமா இருக்கு.” கிளாஸைக் கல்லாவில் வைத்தான். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை நாளும்... அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “எனக்குச் சம்மதம். ஆனா ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள அத்தாகிட்டயும் நீதான் கேக்கணும். முடியாதுன்னு சொல்லிடுவாருன்னு மறுபடியும் நீயா முடிவு பண்ணிடாத.”

ஆறிப்போன தே ஹாலியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தே கலக்கும் இடத்தில் நின்ற அவள் அத்தா சர்புதீனை நோக்கி நடந்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமா... ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

சர்புதீன் சலாம் சொல்லிவிட்டு, கையிலிருந்த குவளையைக் கீழே வைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஃபாயிஸா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஏஜெண்ட் இன்னும் பொறுமையாகக் காத்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

“நீக்காதே. காரணம் வந்துவிட்டது... அத்தாவிடம் பேசிக்கொண்டிருக்கிறது.”