தெருவைச் சுற்றி ஒரு கல்லூரி

மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. சின்னவன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நேத்து வேலையா அந்தப் பக்கம் போனேன். நீங்க தினமும் போறதா சொல்ற அந்தப் படிப்பு மையம்... அது இப்ப செருப்புக் கடை. மையத்தை மூடி ரொம்ப நாளாச்சாம். அப்போ நீங்க எங்கதான் போறீங்க?"

மருந்துக் கம்பெனிக்காகத் தெருத் தெருவாக அலைகிறவன் அவன். என்றைக்காவது அவன் கண்ணில் அது படும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவள் கிளம்பித் தயாராக நின்றாள். வெளியே உடுத்தும் சேலை, தோளில் பை, ஒரு காலில் செருப்பு. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவன் கருவிப் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி நின்றது.

"சொல்லிடேன்," என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"வந்து சொல்றேங்க. இப்ப நேரமில்ல."

"எங்க போறேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது?" மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு பேர் கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது? மருமக தினமும் சிங்காரிச்சுக்கிட்டுக் கிளம்பிடுறா, எங்கேன்னு எனக்கே தெரியாதுன்னா?"

சிங்காரிச்சுக்கிட்டு... அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. கண்ணில் நீர் முட்டியது.

நின்று சொல்லிவிடலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் அழுகை வரும், அழுகைக்குப் பின் கேள்விகள் வரும், அதற்குள் வகுப்பு முடிந்துவிடும். இன்று வகுப்பில் அவள் பேச வேண்டிய நாள். போன தடவை மாமியாருக்குக் காய்ச்சல் என்று பேசாமல் விட்டுவிட்டாள். இனியும் தவறினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று பேராசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒருமுறை பாதியில் விட்ட படிப்பு இது. மாமனார் போனபோது சின்னவனுக்கு அரைக்கால் சட்டை வயது. இந்த வீட்டைத் தூக்கி நிறுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. படிப்பை விடு என்று அன்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து எனக்குன்னு நான் எதுவும் கேட்டதில்ல அத்தை. இன்னிக்கு மதியம் வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க."

அடுத்த காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்காததும் ஒரு தண்டனையாகத்தான் இருந்தது.

தெருமுனை வந்தது. தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு சிரிப்புச் சிரித்தார். அதற்கப்புறம் சலவைக் கடை, அப்புறம் வலப்பக்கம் திரும்பினால் பின் சந்து. அந்தச் சந்தில் ஒரு பழைய இரும்புப் படிக்கட்டு. ஏறினால் மொட்டை மாடி அறை. முன்பு வாடகைக்கு விட்டிருந்தார்கள், இப்போது உடைந்த நாற்காலிக்கும் ஓடாத மின்விசிறிக்கும் அதுதான் வீடு. அது யாருடைய அறை என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவள் வீட்டு மாடியறைதான். முன்வாசல் வழியாகக் கிளம்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக அவள் வந்து சேரும் கல்லூரி அது.

முதலில் அவளும் எல்லோரையும்போல வீட்டுக்குள்ளேயே படிக்கப் பார்த்தவள்தான். வகுப்பு நடப்பது போனில்தான். கூடத்தில் உட்கார்ந்தாள், படுக்கையறையில் உட்கார்ந்தாள். நைட்டியோடு போனுக்கு முன்னால் உட்கார்ந்தால் மாணவி என்று யார் மதிப்பார்கள்? "எழுந்திருக்கிறதுதான் எழுந்திருக்கிற, அப்படியே அந்தத் துணியையும் எடுத்துடு" என்பார்கள். மற்றவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குக்கர் கத்தினால் யாரும் கூப்பிடாமலே அவள் கால் எழுந்துகொள்ளும். பாடம் பாதியில் ஓடும், மனசு அடுப்படியில் நிற்கும். முதல் பருவத்தில் ஒரு தாளில் கோட்டை விட்டாள். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியவள் வந்த கோலத்திலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், சும்மா மாடியறையில் போய்ப் பாடத்தைக் கேட்டாள். அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் மண்டையில் ஏறியது. மறுநாளே, வகுப்பு இனிமேல் படிப்பு மையத்தில் என்ற பொய் பிறந்தது.

பொய் இன்று அம்பலமாகிவிட்டது. ஓடாத மின்விசிறியில் போனைச் சாய்த்து வைத்தாள். வீட்டிலேயே மானம் போன பிறகு பட்டம் வாங்கி யாரிடம் காட்ட? அணைத்துவிட்டுக் கீழே போய்க் காலில் விழுந்தால் என்ன என்றுகூட நினைத்தாள். விரல் பொத்தான் வரைக்கும் போனது.

"அடுத்து நீங்க. ஆறு ஏன் வளைஞ்சு ஓடுது? ஆரம்பிங்க," என்றார் பேராசிரியை.

அவள் தொண்டையைச் செருமினாள். "ஆறு நேரா ஓடிக்கிட்டிருக்கும்போது... ஒரு பாறை, ஒரு சின்னத் தடை..." இரண்டு வரி சொல்வதற்குள் பின்னால் கதவு கிறீச்சிட்டது.

மாமியார். நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கை கதவு நிலையில், இன்னொரு கை மூட்டில். சந்தேகமும் மூச்சிரைப்புமாக வந்தவள், உடைந்த நாற்காலியையும் போனில் தெரிந்த முகங்களையும் மருமகளின் செருப்புக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்குதாம்மா? தொடருங்க," என்றது போன்.

மாமியார் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்து, பேசு என்று கையை ஆட்டினாள்.

அவள் பேசினாள். வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக வந்து மண்ணை அறுப்பதையும், அந்த மண்ணைக் கொண்டுபோய் அடுத்த வளைவின் உட்கரையில் சேர்ப்பதையும், வளைவு அப்படியே பெரிதாகிக்கொண்டு போவதையும் கடைசி வரை சொல்லி முடித்தாள். "நல்லா இருந்தது" என்றார் பேராசிரியை. ஒலியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இங்கதான் வர்றியா? தினமும்?"

"ஆமா அத்தை."

"நம்ம வீட்டுக்கே... ஊரைச் சுத்தியா?" மாமியாருக்குச் சிரிப்பு வரப் பார்த்து, வழியிலேயே நின்றுவிட்டது. "நான் என்ன, படிக்காதேன்னா சொன்னேன்?"

"நீங்க சொல்லல. ஆனா வீட்ல இருக்கேன்னு தெரிஞ்சா கூப்பிடுவீங்க. கூப்பிட்டா எனக்கு வராம இருக்கத் தெரியாது அத்தை. கூப்பிடலேன்னாலும் நானே வந்து நிப்பேன். வீட்டுக்குள்ள இருந்தா என்னால மாணவியா இருக்கவே முடியல. கிளம்பி ஒரு சுத்து நடந்து வந்தாதான் மனசு உக்காருது. பொய் சொன்னது தப்பு... மன்னிச்சுடுங்க."

மாமியார் வாளியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் பின்னாலயே வந்தேன். தையக்காரன் கடைகிட்ட நின்னு மூச்சு வாங்கினேன். அப்பக்கூட உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் நினைக்கலம்மா. இத்தனை வருஷம் எனக்கு வடிச்சுக் கொட்டினவளைப் பத்தி... என் புத்தி போச்சு பாரு."

மாமியாரின் கண்ணீர் மருமகளின் புறங்கையில் சொட்டியது. இவளும் அழுதாள். 

"முடிஞ்சுதா உன் பாடம்?"

"இன்னொரு வகுப்பு இருக்கு. இப்ப ஆரம்பிச்சுடும்."

"அப்ப நான் போறேன். நீ எழுந்திருக்காதே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு இறங்கத் தெரியும்."

இரும்புப் படியில் அவள் ஒவ்வொரு அடியாக இறங்குவதைக் கேட்டபடி இருந்தாள் மருமகள். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. சொன்ன சொல்லுக்காக உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழித்துக் கூடத்துப் பேச்சு ஜன்னல் வழியாக மேலே வந்தது.

"அண்ணி எங்க போனாங்கம்மா?" சின்னவன் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை.

"காலேஜுக்கு."

"எந்தக் காலேஜும்மா..."

"நான் கண்ணால பார்த்துட்டுத்தான் வர்றேன். உன்னை ஆளாக்கினவளை நடுக்கூடத்துல நிக்க வச்சுக் கேட்டியேடா. நானும்தான் கேட்டேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். மதியம் அவ வந்ததும் முதல் வேலையா மன்னிப்புக் கேளு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "கேக்கறேம்மா" என்று சன்னமாக வந்தது. "மிச்சக் காயை நான் நறுக்கறேன், நீ உக்காரும்மா" என்றது கணவனின் குரல்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "உங்க மருமக இருக்காங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் வந்தா போதும், சின்ன உதவி..."

பழக்க தோஷம். மாடியறையில் அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"அவ வீட்ல இல்லம்மா," என்றாள் மாமியார், மேலே கேட்கும்படியாக. "மதியம்தான் வருவா. என்ன உதவின்னு சொல்லு, நான் வரேன்."

அவள் உட்கார்ந்தாள். போனில் அடுத்த வகுப்பின் பேராசிரியர் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தபோது முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கீழே கேட்டுவிடுமோ என்ற பயமில்லாமல், "வந்திருக்கேன் சார்," என்று உரக்கச் சொன்னாள்.