கோதண்டராமனின் மலேசியப் பயணம்

விடிந்ததும் விடியாததுமாகக் கோதண்டராமன் கோட்டு மாட்டிக்கொண்டு கூடத்தில் உலாத்த ஆரம்பித்துவிட்டார். மே மாதத்து ஒரகடத்தில் கோட்டுப் போட்டு நடக்க வேண்டுமானால், ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். இல்லை, மலேசியாவில் குடியேறப் போக வேண்டும். அவர் இரண்டாவது ரகம் என்று வீட்டார் நம்பினார்கள்.

"ஓய்வுகால விசா! ரிடையரான பெரிய மனுஷனுங்களுக்குத்தான் குடுப்பான்!"

ஒரு கம்பெனி வாசலில் ஏழே மாதம் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, மேனேஜர் பதில் வணக்கம் வைக்கவில்லை என்று விலகியவர். அதைத்தான் பணி ஓய்வு என்று சொல்லிவந்தார்.

அடுப்படியில் மனைவி செங்கமலம், மாடியில் தங்கியிருக்கும் கம்பெனி ஷிஃப்ட் பையன்களுக்கு இட்லி எடுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மெஸ்ஸை மூடி, மாடி ரூம்களைக் காலி பண்ணிவிட்டு அவளும் கிளம்ப வேண்டுமாம். அங்கே அவருக்குச் சமைக்க ஆள் வேண்டுமே!

"இந்த அடுப்புதாங்க இத்தினி வருசமா நம்மளையும் காப்பாத்திச்சு... மூடச் சொல்லாதீங்க!"

"நல்ல காரியத்துல இன்னா அழுதுகினு?" நாத்தனார் கங்கம்மாள் வெற்றிலையை மென்றாள். "ஃபாரின் போற நேரத்துலயும் உன்னை இழுத்துகினு போவணும்னு என் தம்பி தலையெழுத்து!"

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த திருநெல்வேலிப் பையன் பேச்சிராஜ் மூட்டை கட்டிக்கொண்டு நின்றான். "எக்கா, நாங்க எங்கக்கா போவோம்?"

செங்கமலம் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து அவனிடம் நீட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் விசா ஏஜென்ட் வந்து சேர்ந்தார். "இதுவரைக்கும் மாசாமாசம் நிலையான வருமானம் வந்ததுன்னு காட்டணும் சார்."

"மாடி வாடகை, மெஸ்ஸு... எல்லாம் நம்மளுதுதான்!"

"யார் பேர்ல?"

கோதண்டராமனுக்கு வியர்த்தது. அண்ணன் தம்பிகள் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, "எனக்கு ஒரு செங்கல்கூட சொந்தமில்ல, எல்லாம் என் சம்சாரம் சம்பாதிச்சது" என்று ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்து, அத்தனையையும் மனைவி பெயரில் பதிந்தவர் அவர்தான். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை, பொய் என்று நினைத்துச் சொன்னது.

"அப்போ அம்மாதான் விண்ணப்பதாரர். அவங்களை நம்பி வாழ்றவர்னு கீழே ஒரு கட்டம் இருக்கு... அங்க உங்க பேரைப் போட்டுடலாம் சார்!"

கங்கம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

செங்கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரிடையர் ஆனவங்களுக்குத்தானே சார் இந்த விசா?"

"ஆமாம்மா."

"நான் இன்னும் ஆகலியே!" வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பேச்சிராஜ், மூட்டையை அவுத்துடுப்பா!"

'நம்பி வாழ்றவர்' என்ற அந்தக் கட்டம் கண்ணிலேயே நிற்க, கோதண்டராமன் பொலபொலவென்று அழுதுவிட்டார். "நீ ஒழைச்சே... நான் பேர் வாங்கிகினேன்... என்னை மன்னிச்சிடு செங்கமலம்!"

அவரைத் தோளோடு அணைத்து, முந்தானையால் முகம் துடைத்தாள். அவள் கண்ணும் நிறைந்தது. "போதும்... உங்க அக்கா பாக்கறாங்க."

"அப்போ மலேசியா கேன்சலாம்மா?" என்றார் ஏஜென்ட்.

"யார் சொன்னது? எனக்கு எப்போ ரிடையர் ஆவணும்னு தோணுதோ, அப்போ சொல்லியனுப்பறேன் சார். இவரையும் கூட்டிகினு போறேன்!"

கங்கம்மாள் மெல்ல நெருங்கி வந்தாள்.

"செங்கமலம்... கண்ணு... அந்தக் கட்டத்துல எனக்கும் இடம் குடுப்பியாம்மா?"